டேப்பின் மேல் விளிம்பு

அவளை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தொலைபேசியில் கேட்டால் பட்டறையில் ஒரு கணம் எல்லோரும் முழிப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், "அட, நம்ம டேப்பக்காவைக் கேக்கறாங்கப்பா" என்பார்.

பட்டறை ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கப்பல், கட்டடம், பாலம், தண்ணீர்த் தொட்டி என்று எதைக் கேட்டாலும் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறிதாக்கிச் செய்து கொடுக்கும் இடம். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது மாடித் தரை லேசாக அதிரும். மதிய இடைவேளையில் அது அரை மணி நேரம் நிற்கும். அந்த அரை மணியில்தான் டேப்பக்கா தன் மெல்லிய கோடுகளை ஒட்டுவாள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரும்போது அவள் டப்பாவைத் திறப்பாள். இருபத்திரண்டு வருடமாக அவள் சூடாக மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை.

அவள் மேசை இழுப்பறையில் மூடி போட்ட தகர டப்பாக்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு சுருள் டேப். டேப்பின் பக்கவாட்டில் தூசி ஒட்டினால் அந்தத் தூசியின் வடிவம் அப்படியே வண்ணத்தில் விழும் என்பதால்தான் டப்பா. வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் வாங்கும் வெளிர்நிற டேப்பை அவள் அட்டைப்பெட்டி மூடுவதற்கு மட்டும் எடுப்பாள். அது சுருக்கம் விழுந்த தடித்த காகிதம். அந்தச் சுருக்கங்களுக்கு அடியில் வண்ணம் எறும்பு வரிசை மாதிரி ஊர்ந்து போய்விடும். பசையும் முரட்டுப் பசை. உரித்தால் அடியில் இருக்கும் பூச்சையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். இந்தச் சிறு மாதிரிகளுக்கென்றே வருகிற மஞ்சள் டேப், வெங்காயத் தோல் போல மெல்லியது. ஒட்டினால் அடியில் இருக்கும் பென்சில் கோடு தெரியும். வளைவான இடத்துக்கு அதுவும் ஆகாது. இழுத்த இழுப்புக்கு நெளியாமல் வளைகிற பிளாஸ்டிக் டேப் வேண்டும்.

புதுச் சுருளாக இருந்தாலும் கடையிலிருந்து வந்த விளிம்பை அவள் நம்பமாட்டாள். கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, எஃகு அளவுகோலை வைத்து, புது பிளேடால் ஓரத்தைச் சீவி எறிவாள். பிறகு வேண்டிய அகலத்துக்கு அறுத்துக்கொள்வாள். அடியில் இருக்கும் பூச்சு இன்னும் இளசாக இருந்தால் டேப்பை முதலில் தன் முன்கையில் ஒட்டி உரித்து, பசையின் வேகத்தைக் கொஞ்சம் அடக்குவாள். அதனால் அவளுடைய இடது முன்கையில் ஒரு முடிகூடக் கிடையாது. மரத் துண்டுகளை ஒட்டுகிற வேலைக்காரனை எல்லோரும் பசை என்று கூப்பிடுவார்கள். அவன் புதிதாக வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கையைக் காட்டுவான். "பாத்துக்கோ. அக்கா அழகு நிலையத்துக்கே போகமாட்டாங்க. ஒரு கையில மட்டும் முடி போனாப் போதும்னு விட்டுட்டாங்க."

"உன் வாய்க்கு ஒரு துண்டு அறுத்து வெச்சிருக்கேன், வா" என்பாள் அவள்.

கோடு போடுவதில் அவளுக்கு ஒரே முறைதான். வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் முதலில் அந்த இடம் முழுக்க வெள்ளையை அடிப்பாள். காய்ந்தபின், கோடு வரவேண்டிய இடத்தில், கோட்டின் அகலத்துக்கே அறுத்த டேப்பை ஒட்டுவாள். டேப்பின் ஓரத்தில் மறுபடி வெள்ளையையே மெல்லிசாக ஒரு தடவை அடிப்பாள். விளிம்புக்கு அடியில் கசிந்தாலும் வெள்ளைக்குள் வெள்ளைதானே கசியும். அதற்குப் பிறகு எல்லாவற்றின்மேலும் நீலம். நீலம் முழுக்க இறுகுவதற்கு முன் டேப்பின் நுனியைப் பிடித்து, மேலே தூக்காமல், தன்மேலேயே மடித்துப் பின்னோக்கி மெதுவாக இழுப்பாள். அடியிலிருந்து வெள்ளைக் கோடு வெளியே வரும். பட்டறையில் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து அதைப் பார்ப்பார்கள்.

டேப் இருக்கிற இடம்தான் கோடு. அவளுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்குப் பத்து. அப்பா இருந்தார், இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் எழுதுபொருள் கடையில் பேனாவும் காகிதமும் விற்றுக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண், மாலையில் வீட்டுக்கு வந்து அவனுடைய வீட்டுப்பாடத்தையும் சட்டைப் பொத்தானையும் கவனித்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும், "என் தம்பி எங்க இருப்பான்?" என்று முதல் கேள்வியை அவள்தான் கேட்டாள். பேச்சு அதோடு நின்றது. அதைப் பற்றி அவள் பிறகு வருத்தப்பட்டாளா என்று யாருக்கும் தெரியாது. தம்பி வளர்ந்து, ஆற்றைக் கடக்கும் பயணிகள் லாஞ்சில் கயிறு பிடிக்கிறவனாகச் சேர்ந்து, ஏழு வருடத்தில் அதை ஓட்டுகிறவனாக ஆனான். முதல் நாள் சுக்கானைப் பிடித்தபோது அக்காவைத்தான் முன் இருக்கையில் உட்காரவைத்தான். அவள் அக்கரை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே போனாள் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

சிரிப்பான் என்பது பழைய கதை. ஒன்பது மாதத்துக்கு முன், காற்று அதிகமாக இருந்த ஒரு பிற்பகலில், நடு ஆற்றில் அந்த லாஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். தம்பி தன் கையால் நான்கு பேரைக் கரைக்கு இழுத்து வந்தான். ஐந்தாவதாக இழுத்து வந்தவள் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு அவன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான்.

விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்தது. அவர்கள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு லாஞ்சில் அதிகச் சுமை இருந்ததா? பயணச்சீட்டை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆட்களோடு மூட்டையும் சைக்கிளும் ஏறும். அதனால்தான் லாஞ்சின் பக்கவாட்டில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை போட்டிருப்பார்கள். சுமை ஏற ஏற லாஞ்சு தண்ணீரில் இறங்கும். பட்டையின் மேல் விளிம்பைத் தண்ணீர் தாண்டினால் ஓட்டுநர் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

"கோடு தெரிஞ்சுது, ஐயா. தெரியாம நான் கயித்தை அவுக்கமாட்டேன்" என்று தம்பி குழுவிடம் சொன்னான். அவன் சொன்னது மெய் என்பதற்குச் சாட்சியும் இருந்தது. ஒரு பயணி படகுத்துறையில் நின்று எடுத்த புகைப்படத்தில், தண்ணீருக்கு மேலே வெள்ளை ஒரு நூல் அளவுக்குத் தெரிந்தது. காற்றுதான் காரணம், எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்ததுதான் காரணம் என்று பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. தம்பிக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று அவனுடைய வக்கீல் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் குழுவினர் லாஞ்சின் மாதிரி ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். பத்தில் ஒரு பங்கு அளவு. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று வைத்துக் காட்டும்படி மேல்தளம் கழன்று வரவேண்டும். மாதிரி செய்யும் பட்டறை பக்கத்தில் இது ஒன்றுதான்.

முதலாளி கட்டட வரைவாளராக இருந்தவர். ஒரு முழங்கால் மடங்காது. அவர் மெதுவாக நடந்து வந்து டேப்பக்காவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"உனக்கு வேணாம்னா சொல்லு. வெளியில யாரையாவது பாக்கறேன்."

"யாரைப் பாப்பீங்க?"

அவர் வேலைச் சீட்டை மேசைமேல் வைத்தார்.

"அளவு அவங்க குடுக்கறாங்க. நான் அடிக்கப்போறேன். இதுல தம்பி எங்க வந்தான்?" என்றாள்.

முதலாளி குழுவுக்கும் விஷயத்தை எழுதிவிட்டார். அளவுகள் எல்லாம் எங்களுடையவை, யார் பூசினாலும் சரி என்று பதில் வந்தது. வேலைச் சீட்டில், 'விபத்து நாளில் இருந்தபடி' என்று எழுதியிருந்தது. லாஞ்சு கட்டியவர்களின் வரைபடமும், ஆற்றிலிருந்து தூக்கிய பிறகு எடுத்த புகைப்படங்களும் இணைத்திருந்தார்கள்.

பசை ஐந்து வாரத்தில் மாதிரியின் உடம்பைச் செய்து முடித்தான். ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அவன் இந்த ஒரு வேலையில் மட்டும் ஜோக் அடிக்கவில்லை.

உண்மையான லாஞ்சில், கட்டும்போதே பக்கத்துக்கு மூன்று இடத்தில் இரும்பில் உளியால் குறி வெட்டியிருப்பார்கள். பட்டையை எத்தனை தடவை அழித்து அடித்தாலும் அதன் மேல் விளிம்பு அந்தக் குறிகளில் நிற்கவேண்டும். முதலாளி வரைபடத்தைப் பார்த்து மாதிரியின் மரத்தில் அந்த மூன்று இடங்களையும் ஊசியால் குத்தி வைத்தார். டேப்பக்கா வெள்ளையை அடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, அச்சு இயந்திரம் நின்றதும், ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு டேப்பை அறுத்தாள். அதன் மேல் விளிம்பை மூன்று ஊசிக்குத்துகளிலும் சேர்த்து ஒட்டினாள். மழுங்கிய குச்சியால் விளிம்பை அழுத்தினாள். பின்னால் தள்ளி நின்று, புகைப்படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

ஏதோ சரியில்லை.

லாஞ்சின் பக்கத்தில், துறையில் மோதாமல் இருக்க நீளமாக ஒரு ரப்பர் பட்டை உண்டு. புகைப்படத்தில் வெள்ளை அந்த ரப்பருக்கு நெருக்கமாக இருந்தது. மாதிரியில் அவ்வளவு நெருக்கம் இல்லை. ரப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் இடைவெளி வரைபடத்தில் இருந்தது. அதை வைத்து, கவராயத்தால் புகைப்படத்தை அளந்தாள். மூன்று தடவை அளந்தாள். அவளுடைய டேப் முடிகிற இடத்தில் புகைப்படத்தின் வெள்ளை தொடங்கியது. சரியாக ஒரு பட்டை அகலம் மேலே.

கை தவறினால் இரண்டு சென்டி வரும், மூன்று வரும், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். பட்டையின் முழு அகலம், இழையும் கூடாமல் குறையாமல் தவறுவதென்றால் அதை டேப்தான் செய்திருக்க வேண்டும்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். விபத்துக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டது ஞாபகம் வந்தது.

"அக்கா, லாஞ்சைக் கரையேத்தி வெச்சிருக்கோம். இந்தத் தடவை பெயிண்ட்டை எங்களையே அடிக்கச் சொல்லிட்டாங்க. வெள்ளைப் பட்டை கோணாம வரணும். எந்த டேப் வாங்கறது?"

எந்த டேப் என்று கால் மணி நேரம் சொன்னாள். சுருக்கம் விழுந்தது வேண்டாம், விளிம்பைச் சீவிவிட்டு ஒட்டு, வெயிலில் விடாதே, இறுகுவதற்கு முன் உரி. கடைசியில் அவன், "சரி, எங்க ஒட்டறது?" என்று கேட்டான். அப்போது ஸ்ப்ரே கன்னின் மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். "டேப்போட மேல் விளிம்பு குறியில நிக்கணும்டா. மத்தது தானா வரும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. முதலாளியிடம் போய், ஏதோ சும்மா கேட்பதுபோல, "இந்த லாஞ்சு அஞ்சு சென்டி முங்கணும்னா எத்தனை ஆள் ஏறணும்?" என்று கேட்டாள். அவர் காகிதத்தின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு. ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கும். ஏன்?"

"சும்மா."

சனிக்கிழமை காலை, லாஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டிருந்த கிடங்குக்குப் போனாள். தூக்கும்போது இரண்டாக முறிந்து, ஒரு பாதி குப்புறக் கிடந்தது. சேறு காய்ந்து வெடித்திருந்தது. குழு கொடுத்த அனுமதிச் சீட்டைக் காவலாளியிடம் காட்டிவிட்டு உள்ளே போய், வெள்ளைப் பட்டையின் மேல் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே நடந்தாள். ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது கீழ் விளிம்பைத் தடவினாள்.

"எல்லாரும் வந்து போட்டோ புடிச்சுட்டுப் போறாங்க. நீங்க என்னம்மா, குழந்தைக்கு ஜுரம் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்றார் காவலாளி.

அவள் விரல் ஓர் இடத்தில் நின்றது. நீலப் பெயிண்ட் அடைத்துக்கொண்டு பள்ளமே தெரியாமல் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். உளி வெட்டிய இடம் கருப்பாக வெளியே வந்தது. பட்டைக்குக் கீழே, அதன் அடி விளிம்பை ஒட்டி.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் வீட்டுக்குப் போனாள். அவன் சமையலறையில் மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "அண்ணி, வாங்க. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஆளையே காணோம். உங்க தம்பி வீட்டுல ஒரு பொருளை அழுக்கா விடறதில்ல, வந்து பாருங்க. இனிமே என்னைத்தான் துடைக்கணும்" என்றாள்.

டேப்பக்கா கைப்பையிலிருந்து ஒரு சுருள் டேப்பை எடுத்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.

"டேய், இது குறி. அன்னிக்கு லாஞ்சுல எப்படி ஒட்டினே? ஒட்டிக் காட்டு."

"இப்ப எதுக்கு அது?"

"காட்டேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு டேப்பைக் கிழித்தான். மேல் விளிம்பைப் புள்ளியில் வைத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினான். நன்றாகத்தான் ஒட்டினான். "நீ சொன்ன மாதிரியேதான். மேல் விளிம்பு குறியில."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு பட்டை அளவு இடம் விட்டு, மேல இன்னொரு டேப். ரெண்டுக்கும் நடுவுல வெள்ளை." விரலால் அந்த இடத்தைத் தேய்த்துக் காட்டினான். விரல் புள்ளிக்கு மேலே போய் வந்தது.

"வெள்ளையைக் கடைசியிலயா அடிச்சே?"

"பின்ன? நீலம் எல்லாம் அடிச்சு முடிச்சுட்டுத்தானே வெள்ளை. ஏன், நீ எப்படி அடிப்பே?"

"நான் வெள்ளையை முதல்ல அடிச்சுடுவேன். அது மேல டேப்பை ஒட்டி மூடிட்டு நீலம் அடிப்பேன். எனக்கு டேப்தான்டா கோடு." அவன் ஒட்டிய டேப்பின்மேல் கையை வைத்தாள். "இங்க வரணும் வெள்ளை. இதுக்கு மேல இல்ல."

அவன் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு வருடம் தண்ணீரையும் கோட்டையும் சேர்த்துப் பார்த்த கண். அவனுக்கு அதற்குமேல் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"எத்தனை பேரு?" என்றான்.

"இருபத்தஞ்சு."

"தினம் பன்னெண்டு தடவை, அக்கா. ரெண்டு வருஷம். அந்தக் கோட்டைப் பாத்துத்தான் ஏத்தினேன்."

பால் பொங்கியது. அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்து நின்றாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அண்ணி, வரைபடத்துல இருக்கற மாதிரி நீங்க அடிச்சா அது பொய்யா?"

"வரைபடம் சரிதான்."

"அப்ப அதையே அடிங்க. மாதிரியில எவ்வளவு வரும்? அஞ்சு மில்லி. என் நகம் அளவு. யாரு வந்து அளக்கப்போறாங்க? நீங்க சொல்லிட்டா செத்துப்போன ஒன்பது பேரும் எழுந்து வந்துடுவாங்களா? லாஞ்சைச் சோதிக்க வந்த அதிகாரி திரும்பியே பாக்காம எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டானே, அவன் வந்து முன்னாடி நிப்பானா? இந்த மனுஷன்தான் நிக்கணும். இப்பத்தான் கொஞ்சம் தூங்கறாரு."

அவள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. தம்பி டேப்பைக் கதவிலிருந்து உரித்து, உருண்டையாக்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நீ உன் வேலையைப் பாரு, அக்கா" என்றான். அதற்குப் பிறகு மின்விசிறியின் பக்கம் திரும்பிவிட்டான்.

அது என்ன அர்த்தத்தில் சொன்னது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தாள். தலையிடாதே என்றும் வைத்துக்கொள்ளலாம். வேலையை ஒழுங்காகச் செய் என்றும் வைத்துக்கொள்ளலாம். வளர்த்த பிள்ளையின் குரலில் எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனது அவளுக்கு அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை மாதிரிக்கு முன்னால் போய் நின்றாள். வெள்ளிக்கிழமை ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. அவள் எந்த டேப்பையும் மூன்று நாள் விட்டதில்லை. உரித்தபோது வெள்ளையில் பசையின் தடம் மங்கலாக நின்றது. அதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள் என்றும் சொல்லலாம். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, புகைப்படத்தையும் கவராயத்தையும் அவர் கையில் கொடுத்து, கிடங்கில் பார்த்ததைச் சொன்னாள்.

அவர் இரண்டு தடவை அளந்து பார்த்தார்.

"தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"என் வேலையைப் பாக்கச் சொன்னான்."

"என்ன எழுதியிருக்கு வேலைச் சீட்டுல?"

"விபத்து நாள்ல இருந்தபடின்னு."

முதலாளி கவராயத்தை மேசைமேல் வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். அவர் கதவை மூடியதும் டேப்பக்கா புதிதாக ஒரு துண்டு அறுத்தாள். இந்தத் தடவை அதன் கீழ் விளிம்பை ஊசிக்குத்துகளில் வைத்தாள். ஓரத்தை வெள்ளையால் அடைத்தாள். நீலம் அடித்தாள். உரிக்கும்போது பசை தன் மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை, வேறு யாரும் வரவில்லை. கோடு எப்போதும்போல நூல் பிடித்த மாதிரி வந்தது. அதற்குக் கீழே, நீலத்தில், மூன்று குறிகளையும் மூன்று கருப்புப் புள்ளிகளாக வைத்தாள்.

குழு உட்கார்ந்த கூடத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டன. முன் வரிசையில் வக்கீல்கள், லாஞ்சுக் கம்பெனி ஆட்கள், தம்பி. பின் வரிசையில் செத்தவர்களின் வீட்டார். மாதிரியை நடு மேசையில் வைத்தார்கள். அது பளபளவென்று அழகாக இருப்பது டேப்பக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. அவளைக் கூப்பிட்டு, எப்படிச் செய்தார்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். குழுவில் இருந்த பொறியாளர் எழுந்து வந்து, குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

"உளிக்குறி, சார். லாஞ்சு உடம்புல இருக்கறது."

"குறி வெள்ளைக்குக் கீழ இருக்கே. மேல் விளிம்புலதானே இருக்கணும்?"

கூடத்தில் சிலர் நிமிர்ந்தார்கள். டேப்பக்கா வாயைத் திறப்பதற்குள் முன் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வக்கீல் கையைப் பிடித்து இழுத்ததை விலக்கிக்கொண்டு தம்பி எழுந்து நின்றான்.

"அந்த டேப்பை ஒட்டினது நான், ஐயா."

"சொல்லிக் குடுத்தது நான்" என்றாள் அவள்.

"ஒவ்வொருத்தரா பேசுங்க" என்றார் விசாரணை அதிகாரி.

இரண்டு பேரும் பேசினார்கள். கம்பெனிக்காரர்களும் பேசினார்கள், பெயிண்ட் வேலையை ஓட்டுநரிடம் விட்டது யார், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது யார் என்பதெல்லாம் வெளியே வந்தது. முடிந்து எல்லோரும் கலையும்போது பின் வரிசையிலிருந்து ஒருவர் மாதிரியின் பக்கத்தில் வந்து நின்றார். தம்பி ஐந்தாவதாக இழுத்து வந்த பெண்ணின் அப்பா என்று அவளுக்குத் தெரியும்.

"சரியான கோடு எங்கம்மா வரணும்?"

அவள் காட்டினாள். அவர் தன் சுட்டுவிரலை வெள்ளையின் அடியில், அந்தக் கருப்புப் புள்ளியின்மேல் வைத்தார். விரல் வெள்ளையையும் புள்ளியையும் சேர்த்தே மறைத்தது.

"இவ்வளவுதானா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. அவள் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

அறிக்கை வர நான்கு மாதம் ஆயிற்று. கம்பெனிமேலும் கையெழுத்துப் போட்டவர்மேலும் வழக்கு. தம்பிக்கு ஐந்து வருடம் எதையும் தண்ணீரில் ஓட்டக் கூடாது என்ற உத்தரவு. அவன் ஒரு தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் மோட்டார் பார்க்கும் வேலைக்குப் போனான். அவன் மனைவி டேப்பக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். அவன் பேசினான், மாதம் ஒரு தடவை, வானிலையைப் பற்றியும் முழங்கை வலியைப் பற்றியும். கூடத்தில் ஏன் எழுந்து நின்றாய் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை இருந்தது. ஆற்றில் ஓடும் எல்லா லாஞ்சுகளையும் கரையேற்றி, பட்டையையும் உளிக்குறியையும் ஒத்துப் பார்க்கவேண்டும். ஒத்துப் பார்த்தபோது, பதினான்கில் மூன்றில் குறி வெள்ளைக்குக் கீழே இருந்தது. அந்த மூன்றையும் தம்பி தொட்டதேயில்லை. படகுத்துறை அலுவலகத்திலிருந்து பட்டறைக்கு ஒரு கடிதம் வந்தது: டேப் ஒட்டிப் பட்டை அடிக்கும் முறையை, யார் படித்தாலும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாதபடி, சுருக்கமாக எழுதித் தரவேண்டும், அதை ஒவ்வொரு கரையேற்றும் இடத்திலும் பலகையில் எழுதி மாட்டப்போகிறோம்.

டேப்பக்கா எழுதினாள். 'டேப்பின் மேல் விளிம்பு' என்று தொடங்கி, அதைக் கோடிட்டு அடித்தாள். 'மேலே ஒட்டும் டேப்பின் கீழ் விளிம்பு' என்று எழுதி, அதையும் அடித்தாள். படம் போட்டாள். பசையிடம் காட்டினாள். அவன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, "இப்படிப் பாத்தாலும் சரியாத்தான் இருக்கு, அக்கா" என்றான். அவன் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு தண்ணீர் நிலையத்துக்குப் போனாள். மோட்டார் சத்தத்தில் கத்திப் பேசவேண்டியிருந்தது.

"டேய், உனக்கு அன்னிக்கு எப்படிச் சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்?"

தம்பி காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவளுடைய படங்களையும் அடித்தல்களையும் பார்த்தான். மோட்டாரின் அழுத்தமானியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"டேப்பைப் பத்திச் சொல்லவே கூடாது" என்றான். "ஒருத்தன் மேல ஒட்டுவான், ஒருத்தன் கீழ ஒட்டுவான். ஒருத்தன் டேப்பே இல்லாம பிரஷ்ஷால இழுப்பான். எல்லாம் முடிஞ்சு, டேப்பை உரிச்சதுக்கு அப்புறம் என்ன தெரியணும்னு சொல்லு."

"சரி, நீ சொல்லு. நான் எழுதறேன்."

அவன் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவனைப்போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"உளிக்குறி வெள்ளைக்கு மேல தெரிஞ்சா, தண்ணியில இறக்கு. வெள்ளைக்குக் கீழ தெரிஞ்சா, அழிச்சுட்டுத் திரும்ப அடி."

அவள் எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். 'அழித்துவிட்டு' என்பதற்குப் பதில் 'திருத்தி' என்று போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே என்றாள்.

"வேணாம்" என்றான் தம்பி. "திருத்தின்னு போட்டா ஓரத்துல கொஞ்சம் தொட்டு விட்டுடுவாங்க. அழிக்கணும், அக்கா. அழிச்சுட்டுன்னே போடு."